ஸ்கின்னர் குடும்பமும் ரோஹ்நாத் கிராமமும்

(புதுதில்லி புசா ரோடு பகுதியில் நடைபெற்ற தமிழ்த் தோழர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நாம் கூடியிருக்கும் இந்தச் சாலையின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். புசா என்பது தில்லிப் பெயரன்று. பீகாரில் உள்ள ஓர் ஊரின் பெயர். 1905இல் அங்கே நிறுவப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1934ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்தில் சிதைந்தது. 1936இல் அது தில்லிக்கு மாற்றப்பட்டபோது பெயரும் உடன் வந்தது. இவ்வளவும் நம்மில் பலர் அறிந்ததே. ஆராய்ச்சி நிலையம் வருவதற்கு முன் அந்த ஊரில் என்ன இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணை இருந்தது. தன் குதிரைப்படைக்குத் தேவையான குதிரைகளை வளர்க்க, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கம்பெனி அந்த நிலத்தைக் கைக்கொண்டது. 1808 முதல் அதன் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் மூர்கிராஃப்ட், நல்ல இனக் குதிரைகளைத் தேடி இமயத்தைக் கடந்து புகாரா வரை சென்றவர். உழவின் பெயராக நாம் நினைக்கும் பெயருக்கு அடியில் ஒரு போர்த் தொழில் கிடக்கிறது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, அந்தக் குதிரைப்படையால் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வரலாறு.

குடியேறி என்ற சொல்

பாலஸ்தீனம், அல்ஜீரியா, தென்னாப்பிரிக்கா பற்றிய கட்டுரைகளைத் தமிழாக்கும்போது ‘குடியேறிகள்’ என்ற சொல்லை நாங்கள் அடிக்கடி எழுத வேண்டியிருக்கிறது. இது எங்கோ தொலைவில் நடப்பது, நம் நாட்டிற்குப் பொருந்தாதது என்று அதைப் படிக்கும் தோழர் எண்ணக்கூடும். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. கென்யாவின் மேட்டுநிலங்களில் நடந்ததுபோல் இங்கே வெள்ளையர்கள் பெருந்திரளாக நிலத்தைப் பிடித்துக் குடியமரவில்லை. 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் வரும்வரை, கம்பெனியின் அனுமதியின்றி ஓர் ஐரோப்பியர் உள்நாட்டில் தங்கவோ விருப்பம்போல் நிலம் வாங்கவோ முடியாது. கம்பெனி தன் ஏகபோகத்தைப் பிற வெள்ளையரிடமிருந்தும் காத்துக்கொண்டது. ஆகவே இங்கே குடியேறிய குடும்பங்கள் சிலவே. அவுரித் தோட்டக்காரர்கள், தேயிலைத் தோட்டக்காரர்கள், போரில் பொருளீட்டி நிலம் பெற்ற படைக் குடும்பங்கள் என்று அவற்றை வகைப்படுத்தலாம்.

மூன்றாம் வகைக்குத் தில்லியிலேயே சான்று இருக்கிறது. ராஜேந்திரா பிளேஸில் மெட்ரோ ஏறி, ராஜீவ் சௌக்கில் மாறினால், சிறிது நேரத்தில் காஷ்மீரி கேட் வந்துவிடும். அங்கே மஞ்சள் வண்ணம் பூசிய புனித ஜேம்ஸ் ஆலயம் நிற்கிறது. அதைக் கட்டுவித்த ஜேம்ஸ் ஸ்கின்னர் அதனுள்ளேயே புதைக்கப்பட்டிருக்கிறார். ஆலயத்தை ஒட்டிய தனி இடத்தில் அவருடைய சந்ததியினரின் கல்லறைகள் இருக்கின்றன.

சிறைப்பட்ட பெண்ணின் மகன்

ஜேம்ஸ் ஸ்கின்னர் 1778இல் பிறந்தார். தந்தை ஹெர்குலஸ் ஸ்கின்னர், கம்பெனிப் படையில் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர். தாய், போஜ்பூர்ப் பகுதியைச் சேர்ந்த ராஜபுத்திர ஜமீந்தார் ஒருவரின் மகள். காசிப் பக்கத்தில் நடந்த ஒரு போரில் 14ஆம் வயதில் சிறைபிடிக்கப்பட்டவர். கைப்பற்றப்பட்ட பெண், கைப்பற்றிய படையின் இளம் அதிகாரியோடு வாழ்ந்து ஆறு குழந்தைகளைப் பெற்றார். பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்பத் தந்தை முடிவு செய்தபோது, திரைமறைவு வழக்கம் குலைவதைப் பொறுக்காமல் 1790இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இதை மகனே தம் நினைவுக்குறிப்பில் பதிந்துவைத்திருக்கிறார். இக்குடும்பத்தின் கதையில் போர் பிறகு வந்து சேர்ந்ததன்று. குடும்பமே போரில்தான் தொடங்குகிறது.

மகனுக்குத் தந்தையின் தொழில் வாய்க்கவில்லை. 1791இல் கம்பெனி ஒரு தீர்மானம் செய்தது: இந்தியத் தாய்க்கோ இந்தியத் தந்தைக்கோ பிறந்தவர்களுக்குக் கம்பெனியின் குடிமைப் பணியிலும் படையிலும் அதிகாரப் பதவி கிடையாது. 1795இல் அத்தடை மேலும் இறுக்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே ஜேம்ஸை ஓர் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்த்தார்கள். சில இரவுகளிலேயே ஓடிப்போனார். அச்சுத் தொழிலோடு உறவுள்ள நம் போன்றோர்க்கு இது சற்று வருத்தம் தரும் செய்திதான்! பிறகு வடக்கே சென்று, மராத்தியத் தலைவர் சிந்தியாவின் படையில், பிரெஞ்சுத் தளபதி டி புவாஞ்யின் கீழ், மாதம் 150 ரூபாய் ஊதியத்தில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்தார்.

1803இல் சிந்தியாவுக்கும் கம்பெனிக்கும் போர் மூண்டது. பிரிட்டிஷ் வழிவந்த அதிகாரிகளையெல்லாம், டி புவாஞ்க்குப் பின் தளபதியான பெர்ரோன் வெளியேற்றினார். ஸ்கின்னர் மராத்தியப் படையிலேயே இருக்க விரும்பினார்; பெர்ரோன் ஏற்கவில்லை. கம்பெனிக்கு அவர் இந்தியர். மராத்தியருக்கு அவர் ஆங்கிலேயர். வெளியேற்றப்பட்டவரைக் கம்பெனியின் தளபதி லேக் பிரபு சேர்த்துக்கொண்டார். முறையான அதிகாரப் பதவி தரத் தடை இருந்தது. உள்ளூர்க் குதிரைவீரர்களைத் திரட்டி நடத்தும் வேலை தரத் தடையில்லை. மராத்தியப் படையிலிருந்து பிரிந்துவந்த குதிரைவீரர்கள் ஸ்கின்னரையே தலைவராகக் கேட்டார்கள். மஞ்சள் உடுப்பணிந்த ‘ஸ்கின்னர் குதிரைப்படை’ இப்படித்தான் பிறந்தது.

காலனியாட்சியின் இயக்கமுறை இதில் தெளிவாகத் தெரிகிறது. அது ஒரு மனிதரைப் பிறப்பால் இழிவுபடுத்துகிறது. அந்த இழிவிலிருந்து மீளும் ஒரே வழியாகத் தன் போரை அவர் முன் வைக்கிறது. 1826இல் பரத்பூர்க் கோட்டை வீழ்ந்த பிறகுதான் அவருக்குப் பிரிட்டிஷ் படைப் பட்டமும் விருதும் கிடைத்தன. அப்போது அவர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

உனியாராக் களம்

அவர் வாழ்வில் நடந்த ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். 1800இல், இராஜபுதனத்து உனியாரா அருகே நடந்த போரில் அவர் குண்டடிபட்டு வீழ்ந்தார். காயமுற்றோரும் இறந்தோரும் கிடந்த களத்தில் இரண்டு இரவுகள் கிடந்தார். உயிர் பிழைத்தால் ஓர் ஆலயம் கட்டுவதாக அங்கேதான் நேர்ந்துகொண்டார் என்பது காஷ்மீரி கேட் ஆலயத்தின் கதை. 1836இல் அது வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது.

வழிகாட்டி நூல்கள் நேர்த்திக்கடனோடு நிறுத்திக்கொள்கின்றன. நினைவுக்குறிப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. களத்தில் கிடந்தவர்களுக்கு ஒரு முதியவரும் ஒரு மூதாட்டியும் சோள ரொட்டியும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த மூதாட்டி சமார் சாதியைச் சேர்ந்தவர். ஸ்கின்னர் வாங்கி உண்டார். அருகில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த ராஜபுத்திர சுபேதார், அவர் கையால் தண்ணீர் குடிக்க மறுத்துவிட்டார். பின்னாளில் ஸ்கின்னர் அம்மூதாட்டிக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பித் தம் தாயாகக் கருதுவதாகச் சொல்லியனுப்பினார்.

அந்தக் களத்தில் யாருடைய போர் நடந்தது? இரு அரசர்களுக்கிடையிலான பகைக்குக் கூலிப்படையாகப் போனவர்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். போரில் எந்தப் பங்கும் இல்லாத, எந்த வெற்றியிலும் ஆதாயம் இல்லாத ஓர் உழைக்கும் பெண்தான் அங்கே மனிதராக நின்றார். சாகும் தறுவாயிலும் சாதி அங்கே விலகி நிற்கவில்லை. ஆலயத்தைக் கட்டியவரின் பெயர் கல்லில் இருக்கிறது. அப்பெண்ணின் பெயர் எங்கும் இல்லை.

கூலியும் நிலமும்

புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் மறக்குடித் தாயைத் தமிழ் படித்த எவரும் மறக்க முடியாது. பிறந்த வீட்டு உறவையும் கணவனையும் அடுத்தடுத்த போர்களில் இழந்தவள், எஞ்சிய ஒரே சிறுவனையும் களத்திற்கு அனுப்புகிறாள். தலைமுறைதோறும் போர் என்பதை ஒரு குடியின் மானமாக அப்பாட்டு பேசுகிறது. 1857க்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு இதே கருத்தைத் தன் படைச்சேர்ப்புக் கொள்கையாக்கியது: சில இனத்தார் பிறப்பிலேயே போர்க்குடிகள், மற்றவர் அல்லர். பஞ்சாபின் உழவர்களைப் பட்டாளத்தில் நிரப்பவும், சென்னை மாகாணத்தாரைப் படிப்படியாகக் குறைக்கவும் அந்தக் கோட்பாடு உதவியது.

ஸ்கின்னர் படையின் கணக்கைப் பார்த்தால் மானத்திற்கு அடியில் இருப்பது தெரியும். அது ‘சில்லாதார்’ முறைப் படை. குதிரைவீரன் தன் குதிரையையும் ஆயுதத்தையும் தானே கொண்டுவர வேண்டும். மாதம் ஏறத்தாழ 20 ரூபாய் ஊதியத்தில் தன் வயிற்றையும் குதிரையின் வயிற்றையும் நிரப்ப வேண்டும். குதிரை செத்தால் கடன். பஞ்சம் வந்து தீவனம் விலையேறினால் மேலும் கடன். சொந்தக் குதிரையில்லாதவன் பிறன் குதிரையில் ஏறிப் போரிடுவான். ஊதியத்தில் ஒரு பகுதி குதிரைக்காரனுக்குப் போகும். அரசுக்கு மலிவான படை; தலைவருக்குச் செல்வாக்கு; வீரனுக்கு உயிரும் கடனும்.

தலைவருக்கு நிலம் கிடைத்தது. ஸ்கின்னருக்கு அலிகர் பக்கத்தில் ஜாகீர் வந்தது. படையின் தலைமையிடமான ஹான்சியில், இன்றைய ஹரியானாவில், பெரும் பண்ணை உருவானது. கம்பெனிக்குப் பணியாத ஹரியானாக் கிராமங்களை அடக்குவது படையின் வேலைகளில் ஒன்று. அடக்கப்பட்ட நிலத்திலேயே அடக்கியவரின் பண்ணை எழுந்தது.

இது வடநாட்டிற்கு மட்டும் உரிய கதையன்று. 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு பாஞ்சாலங்குறிச்சியின் கிராமங்கள், எட்டயபுரம் முதலிய, கம்பெனிக்குத் துணைநின்ற பாளையங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். சிவகங்கைக்குக் கம்பெனி தன் விருப்பப்படி ஜமீந்தாரை அமர்த்தியது. எட்டயபுரத்தார் கடல் கடந்து வந்தவர்கள் அல்லர். ஆயினும் போரால் நிலம் கைமாறிய விதம் ஒன்றே. பார்க்க வேண்டியது தோலின் நிறத்தை அன்று, நில ஆவணத்தை.

1857இன் இரு பக்கங்கள்

ஜேம்ஸ் ஸ்கின்னர் 1841 டிசம்பரில் ஹான்சியில் இறந்தார். புதைத்த உடலை மறுபடி எடுத்துத் தில்லிக்குக் கொண்டுவந்து, 1842 ஜனவரியில் தம் ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். பதினைந்து ஆண்டுகளில் அவருடைய உலகம் தீப்பற்றியது. 1857 மே மாதம் மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் தில்லியைக் கைப்பற்றினார்கள். அந்தப் போரில் காஷ்மீரி கேட் ஆலயமும் சேதமடைந்தது. மே 29 அன்று ஹான்சியிலும் ஹிசாரிலும் படையினர் கிளர்ந்தெழுந்தனர், மக்களும் சேர்ந்துகொண்டனர். ஸ்கின்னர் குதிரைப்படையோ அப்போது முல்தானில் இருந்தது. அங்கே இந்தியக் காலாட்படைகளின் ஆயுதத்தைப் பறிக்கக் கம்பெனிக்குத் துணைநின்றது.

இந்தியா ஓர் இந்தியப் படையால், இந்தியாவின் செலவிலேயே அடிமைப்படுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை மார்க்ஸ் 1853இலேயே நியூயார்க் டெய்லி டிரிபியூனில் சுட்டிக்காட்டினார். 1857இல் அந்தப் படையின் பெரும்பகுதி திரும்பி நின்றது. ஒரு பகுதி திரும்பவில்லை. திரும்பாத பகுதியின் கதைதான் முல்தான்.

ஆட்சி மீண்டபின் பழிவாங்கல் தொடங்கியது. தில்லி பாதுஷாவுக்குக் கடிதம் எழுதிய குற்றத்திற்காக, ஹான்சியின் லாலா ஹுக்கம் சந்த் ஜெயினும் முனீர் பேக்கும் 1858 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டனர். சமணரான முன்னவரைப் புதைத்தும் முஸ்லிமான பின்னவரை எரித்தும், இருவரின் சமயச் சடங்குகளையும் வேண்டுமென்றே அவமதித்தார்கள் என்று அவ்வட்டாரத்தில் சொல்லப்படுகிறது. கிராமத்தாரைச் சாலை உருளையின் கீழ் நசுக்கியதாக ஊர் நினைவுகூரும் தெரு இன்றும் ‘லால் சடக்’, அதாவது செஞ்சாலை, என்றே வழங்குகிறது.

ஹான்சிக்கு அருகே ரோஹ்நாத் என்றொரு கிராமம். கிளர்ச்சியில் பங்கெடுத்ததற்காக அவ்வூரின் நிலம் முழுவதும் பறிமுதல் செய்யப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டது. உழுதவர்களின் சந்ததி தங்கள் முன்னோர் நிலத்திலேயே நிலமற்றவர்களானார்கள். 1947க்குப் பிறகும் நிலம் திரும்பவில்லை. அதனால், எங்களுக்கு விடுதலை வரவில்லை என்று சொல்லி, அவ்வூரார் தேசியக் கொடி ஏற்றாமலே இருந்தார்கள். 2018 மார்ச் 23 அன்று ஹரியானா முதலமைச்சர் நேரில் சென்ற பிறகே அங்கே முதன்முறையாகக் கொடி ஏறியது. கொடி ஏறிய அன்று நிலம் திரும்பி வந்துவிடவில்லை.

ஸ்கின்னர் குடும்பத்தின் நிலமோ 1857க்குப் பிறகும் நிலைத்தது. 20ஆம் நூற்றாண்டிலும் அவர்கள் ஹிசார் மாவட்டத்தின் பெரும் நிலவுடைமைக் குடும்பங்களில் ஒன்றாக இருந்தார்கள். அதே ஆண்டு, அதே வட்டாரம், அதே போர்; ஒரு பக்கம் பண்ணை, மறுபக்கம் ரோஹ்நாத். குடியேற்றம் என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாக எந்த அகராதியும் சொல்லாது.

குதிரைப்படை ஆப்கானிஸ்தானுக்கும், 1900இல் சீனத்தின் பாக்சர் எழுச்சியை ஒடுக்கவும், இரண்டாம் உலகப் போரில் எரித்ரியாவுக்கும் இத்தாலிக்கும் சென்றது. இன்று அது இந்திய இராணுவத்தின் கவசப்படைப் பிரிவுகளில் ஒன்று. 1960களின் தொடக்கத்தில், விடுதலை பெற்ற நாட்டின் அதிகாரியாக, ஜேம்ஸின் வழித்தோன்றலான மைக்கேல் ஸ்கின்னர் அதற்குத் தலைமை தாங்கினார். காஷ்மீரி கேட்டில் ஸ்கின்னருக்குச் சொந்தமாயிருந்த மாளிகை, பின்னர் வேறு கைக்கு மாறி, பல ஆண்டுகள் இந்துக் கல்லூரி இயங்கிய இடமாயிற்று.

இன்னொரு குடியேறிய குடும்பம்

இங்கே ஒரு கேள்வி எழும். குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர் எல்லாரும் ஆளுவோரின் பக்கமே நிற்பாரா? இதற்கு விடை நமக்கு நெருக்கமான ஒரு குடும்பத்தில் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் அரசு மேற்குப் பஞ்சாபில் கால்வாய்கள் வெட்டி, மத்தியப் பஞ்சாபின் உழவர்களையும் ஓய்வுபெற்ற படைவீரர்களையும் அங்கே குடியேற்றியது. ஜீலம் கால்வாய்க் குடியேற்றத்தில், படைக்குக் குதிரை வளர்ப்பதே நிலம் தருவதற்கான நிபந்தனையாக இருந்தது. புசாவின் பழைய குதிரைப் பண்ணை செய்த வேலையை, அங்கே உழவனின் தலையில் கட்டினார்கள். செனாப் குடியேற்றத்தில் 1906இல் கொண்டுவந்த சட்ட முன்வரைவு, வாரிசுரிமை முதல் மரம் வெட்டுவது வரை எல்லாவற்றிலும் அரசின் பிடியை இறுக்கியது. 1907இல் உழவர்கள் எழுந்தார்கள். ‘பகடி சம்பால் ஜட்டா’ என்ற முழக்கத்தோடு அவ்வியக்கத்தை நடத்தியவர்களில் முதன்மையானவர் அஜீத் சிங். அரசு அவரை பர்மாவுக்கு நாடுகடத்தியது. சட்டத்தையும் திரும்பப் பெற நேர்ந்தது.

அந்த அஜீத் சிங்கின் குடும்பம் கட்கர் கலானிலிருந்து லயால்பூர்க் கால்வாய்ப் பகுதிக்குக் குடியேறிய குடும்பம். அதே 1907இல் அங்கே அவருடைய அண்ணன் மகன் பிறந்தான். அவன்தான் பகத்சிங்.

தோழர்களே, இரு குடும்பங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பேரரசு போட்ட திட்டத்தில் நிலம் பெற்றவை. ஒன்று தலைமுறை தலைமுறையாகப் பேரரசின் போர்களை நடத்தியது. மற்றொன்று தலைமுறை தலைமுறையாகப் பேரரசை எதிர்த்தது. அரசோடு முரண்பட்ட உழவர்களின் பக்கம் நின்றதே இரண்டாவதை வேறாக்கியது. ரோஹ்நாத்தில் கொடி ஏறியது பகத்சிங் தூக்கிலேறிய நாளில் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். அந்த நாளுக்குரிய மரியாதை கொடியோடு முடிந்துவிடாது, நிலத்தையும் கேட்கும்.

இரத்தக் கணக்கு நம் கணக்கன்று

இதையெல்லாம் இன்று ஏன் பேச வேண்டும்? ஏனெனில் நம் நாட்டில் மீண்டும் இரத்தத்தைக் கணக்கிடுகிறார்கள். 1791இல் கம்பெனி கேட்ட கேள்வி, உன் தாய் யார், தந்தை யார் என்பது. இன்று குடியுரிமையின் பெயரால் அதே கேள்வி வேறு மக்களிடம் கேட்கப்படுகிறது. 2019இல் ஆங்கிலோ இந்தியருக்கு மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் இருந்த நியமன இடங்களை அரசு முடித்துவைத்தபோது, நாடு முழுவதும் அவர்கள் 296 பேர்தாம் என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. சென்னையிலும் கொச்சியிலும் கொல்கத்தாவிலும் அவர்களோடு பக்கத்து வீட்டில் வாழ்பவர்கள் இந்த எண்ணைக் கேட்டுத் திகைத்தார்கள். இரயில்வேயிலும் தந்தித் துறையிலும் உழைத்து வாழ்ந்த ஒரு சமூகத்தை, ஸ்கின்னர் பண்ணையோடு சேர்த்து ஒரே கணக்கில் எழுதிவிட முடியாது.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது? போருக்கு யார் கூலி பெற்றார், யார் ஆதாயம் பெற்றார்? பறிக்கப்பட்டவருக்கு இன்றுவரை என்ன திரும்பியது? காஷ்மீரி கேட் ஆலயத்தின் முன் நின்றாலும், ஹான்சியின் செஞ்சாலையில் நின்றாலும், பாஞ்சாலங்குறிச்சியில் நின்றாலும் இவைதாம் கேள்விகள். காஸாவைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போதும் இவையே நமக்கு வழிகாட்டும்.

‘குடி’ என்ற நம் சொல் குடும்பத்தையும் குறிக்கும், மக்களையும் குறிக்கும். குடியேறி, குடிவாரம், குடிமகன் ஆகிய மூன்றும் அதிலிருந்தே கிளைத்தவை. உழுபவனின் குடிவார உரிமையை மறுத்துவிட்டு எவரையும் குடிமகன் என்று அழைப்பதில் பொருளில்லை. ரோஹ்நாத் மக்கள் எழுபது ஆண்டுகள் கொடியேற்றாமல் நமக்குச் சொன்னது இதைத்தான். அவர்களுடைய கோரிக்கை இன்னும் நிற்கிறது. அதை நம் கோரிக்கையாகவும் ஏற்போம்.